நூற்று முப்பதில் நின்ற ஊசி

“முனாப் நானா, இது அம்ப்ளிபயரா, வண்டுக் கூடா? மூணு தடவை திருத்தியும் ‘ம்ம்ம்’னு இரையுதே!”

கோயில் தலைவர் யோகராஜ் போட்ட சத்தத்தில் திகன கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

“பஜனையில பாடுறவங்களுக்கு மைக்கப் புடிச்சிக்கிட்டு நான்தானே பக்கத்துல நிக்கிறேன்! என் காதுக்கு நல்லா கேக்குது. இந்த வெள்ளிக்கிழமையும் இரைஞ்சா, திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட கலகெதர ஹபீலைக் கூப்பிட்டுருவேன்.”

திருவிழா என்றால் பத்து நாள் வேலை. ஊரே ‘நானா’ என்று அண்ணனாக அழைக்கும் ஒலிபெருக்கிக் கடைக்காரர் முனாப் தலையைச் சொறிந்தார்.

“பாக்கிறேன் தலைவரே.”

பொறியியல் படிக்கும் மகள் மஸீனாவுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வாப்பாவோடு போய், மைக்கில் வந்த சத்தத்தை அப்படியே பதிந்து வந்தாள். மடிக்கணினியில், சிமுலேட்டருக்குள் அம்ப்ளிபயரின் சர்க்யூட்டை வரைந்தாள். பதிவை அதற்கு ஊட்டி, ஃபூரியர் பகுப்பாய்வை ஓட்டினாள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று அது ஊசி ஊசியாகக் காட்டும்.

ஊசியெங்கே? ஒரே மொத்தையாக வந்தது. அவசரத்தில் ஓட்ட நேரத்தைப் பத்து மில்லி செக்கன் என்று போட்டிருந்தாள். ஒரு செக்கன் ஆக்கினாள். ஊசிகள் பளிச்சென்று பிரிந்தன.

“வாப்பா, கரண்ட் இரைச்சல்னா ஐம்பதுலயோ நூறுலயோ நிக்கணும். இது நூத்து முப்பதுல நிக்குது. பாட்டு ஏறுற எடத்துல ஓட்டினா கூடவே ஏறுது! கரண்ட் எங்கயாவது பஜனை படிக்குமா? மைக்குக்குள்ள போறப்பவே இந்தச் சத்தம் இரிக்கி. அம்ப்ளிபயர்ல ஒரு கோளாறும் இல்ல. ஆரோ பக்கத்துல நிண்டு முனங்குறாங்க!”

முனாப் மடிக்கணினியை டப்பென்று மூடினார். கடை வாசலில் யோகராஜ் வந்துகொண்டிருந்தார்.

“நேத்தும் இரைஞ்சிச்சு நானா!”

“கோளாறு என்ட அம்ப்ளிபயர்லதான் தலைவரே. எனக்குப் புடிபடல்ல. ஹபீலையே கூப்பிடுங்க.”

மஸீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு இப்படியும் ஒரு மனிதர் பயப்படுவாரா?

திருவிழாவின் முதல் நாளே கோயிலிலிருந்து ஹபீல் முனாப்புக்குப் போன் எடுத்தான்.

“நானா, என்ட புது அம்ப்ளிபயரும் இரையுது! தலைவர் கிழி கிழின்னு கிழிக்கிறாரு. எந்த பார்ட்ஸ மாத்த?”

“ஒண்டையும் மாத்த வாணாம். பத்து நாளும் ஏச்சு வாங்கிக்கோ தம்பி.”

போனை வைத்ததும் மஸீனா வெடித்தாள்.

“முனங்குறது தலைவர்தான்னு உங்களுக்குத் தெரியும்தானே? மொகத்துக்கு நேர சொல்ல என்னா பயம் வாப்பா?”

முனாப் சிரித்தார்.

“பொஞ்சாதி கண்ண மூடி மவுத்தாகி ரெண்டு வருஷம் அந்த மனுசன் வாயே தொறக்கல்ல மகள். இப்பதான் ஏசத் தொடங்கி, முனங்கவும் தொடங்கியிருக்காரு. அது அவர்ட சத்தம்தான்னு சொன்னா, ரெண்டையும் நிப்பாட்டிருவாரு.”