ஒன்பதாம் நம்பர் காய்ச்சல்

லான்மடாவ் கிளினிக்கில் பில் போடும் சாயிமா, கருத்தடை மாத்திரைக்கு வரும் பெண்களுக்கு பில்லில் அதற்குரிய குறியீடான ஏழாம் நம்பரைப் போடுவதே இல்லை. ஏழு என்றால் என்னவென்று புருஷன்மாருக்குத் தெரிந்துபோயிருந்தது. காய்ச்சலுக்கான ஒன்பதைத்தான் எழுதுவாள்.

கிளினிக்குக்கு வந்த நூர் பீவி, தன் மருமகளுக்குச் சாயிமா எழுதிக்கொடுத்த பில்களை அவள் மேசைமேல் அறைந்தார். "மாசாமாசம் காய்ச்சலா? யாரை ஏமாத்துறே?"

"எழுதினது எழுதினதுதான் மாமி. நான் மாத்த மாட்டேன். வேணும்னா டாக்டர்கிட்ட சொல்லி என் வேலையைப் பறிங்க."

"காலேஜ் படிச்சும் பொய்யை ஒழுங்கா எழுதத் தெரியலியே. காய்ச்சல் தீரலேன்னு என் மவன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறேங்கறான்."

நூர் பீவி குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளைப்படுதலுக்கு எந்த நம்பரோ அதைப் போடு. ஆம்பளை எவனும் வாய் திறந்து கேக்க மாட்டான்."