ஒரு சொட்டு அத்தர்

சூப்பர்வைசர் சௌக்கத் அலி எதற்காக ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லார் கையிலும் அத்தர் தடவுகிறார் என்பது, எர்ணாவூர்ப் பக்கமிருந்த அந்தச் செயற்கை ரப்பர் கம்பெனியில் யாருக்கும் விளங்கவில்லை.

ரப்பரைக் காயவைக்கும் டிரையர் கூடத்தின் கதவருகே நிற்பார். உள்ளே போகிறவன் புறங்கையில் ஒரு சொட்டு. "இன்னா வாசனை?" என்பார். பதில் சொன்னால்தான் வழிவிடுவார்.

"பாயோட மச்சான் அத்தர் கடை வெச்சிகிறார்பா" என்பான் ஒருவன்.

"அதெல்லாம் இல்ல. உன் வேர்வை நாத்தம் தாங்கல" என்பான் இன்னொருவன்.

சங்கச் செயலாளர் மாரியப்பனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. ஈர ரப்பர் காயும்போது கிளம்பும் நெடி கண்ணை எரிக்கும், தொண்டை கமறும். அதற்குக் கம்பெனி கொடுப்பது ஆளுக்கொரு வெல்லக்கட்டி. கசிவைக் காட்டச் சுவரில் மாட்டிய கேஸ் மீட்டரில் என்றைக்கும் பச்சை விளக்குதான். இப்போது அத்தர் வேறு. நெடியை மறைத்துவிட்டால் தொழிலாளி வாயைத் திறக்கமாட்டான் என்று கணக்கு.

மீசை முளைத்த நாளிலிருந்து அதே டிரையரில் நிற்கிறவர் அவர். பாயிடம் ஒருநாளும் கை நீட்டியதில்லை. பேன்ட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு விறைப்பாகக் கடந்து போவார்.

ஒருநாள் டிரையர் தொழிலாளி டில்லிபாபு மாரியப்பனிடம் வந்து நின்றான்.

"நைனா, பாய் என்னைய டிரையர்லேர்ந்து தூக்கி யார்டுல போட்டுட்டாரு. வெயில்ல லாரிக்கு லோடு ஏத்திகினுகிறேன்."

"இன்னா தகராறு?"

"ஒண்ணுமேயில்ல நைனா. நேத்து அத்தர் தடவுனாரு. ரோஜானு சொன்னேன். சட்டுனு மூஞ்சி மாறிப்போச்சு. எதுத்தாடா பேசுறன்னு கத்தி, வெளிய அனுப்பிட்டாரு."

மாரியப்பனுக்கு இதுதான் வேண்டியிருந்தது. டீ நேரத்தில் எல்லாரும் கூடியிருக்க, நேராகப் போய் சௌக்கத் அலியின் சட்டைப் பையில் கைவிட்டார். இரண்டு புட்டிகள் இருந்தன. அகப்பட்டதை எடுத்தார்.

"தலிவரே, அது வாணாம்" என்றார் சௌக்கத் அலி மெதுவாக.

மாரியப்பன் மூடியைத் திறந்து ஆழமாக முகர்ந்துவிட்டு, புட்டியை உயர்த்திப் பிடித்தார்.

"தோழர்களே, பாத்துக்கோங்க. ரோஜா அத்தர். நம்ம நுரையீரலுக்குக் கம்பெனி குடுக்கிற லஞ்சம் இதான்."

கைதட்டல் வரவில்லை. பேக்கிங்கில் வேலை செய்யும் குணசுந்தரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐய, அத்த மூடுண்ணா. கருவாடு ஊறுன தண்ணி மாரி கொடலப் புடுங்குது."

சௌக்கத் அலி மாரியப்பனின் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார்.

"கருவாட்டுத் தண்ணியேதான். டிரையர் நெடி மூக்கைக் கொன்னுடுது தலிவரே. வாசனை தெரியாதவன் உள்ள நின்னா, கேஸ் கசிஞ்சாக்கூட ஓடமாட்டான். அங்கியே சுருண்டுடுவான். தெனம் தடவுறது இன்னொரு புட்டி, அசல் ரோஜா. யார் மேலயாச்சும் சந்தேகம் வந்தா இந்தப் புட்டியத் தடவுவேன். பழக்கத்துல ரோஜான்றவன யார்டுக்குத் தள்ளிடுவேன்."

"அத்த ஆபீஸ்ல சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா டாக்டர் அன்ஃபிட்னு எழுதுவாரு. மறுநாளே கேட் பாஸப் புடுங்கிடுவானுங்க. மூக்கும் போயி, சோறும் போவணுமா? அதான் நானே சண்ட இழுத்து, பனிஷ்மென்ட்னு சொல்லி அனுப்புறேன். கெட்ட பேரு என்னோட போவட்டும்."

மாரியப்பன் புட்டியை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாக இழுத்தார். வெறும் காற்றுதான்.

தூரத்தில் மேனேஜர் வருவது தெரிந்தது. சௌக்கத் அலி குரலைத் தாழ்த்தினார்.

"என்னைய நல்லா கத்தித் திட்டு தலிவரே, அவரு காதுல வுழட்டும். நாளைலேர்ந்து உன்னையும் யார்டுல போடணும்."