செவ்வாய்க்கிழமைக் கல்யாணம்

"நீல விளக்கா? அந்தப் பேச்சே இங்க கிடையாது அண்ணே. மஞ்சள் இருக்கு, வெள்ளை இருக்கு. நீலம் போலீசுக்கு மட்டும்தான். சட்டம்!"

ரிஃபாத் செய்யுள் ஒப்பிப்பது போல ஒப்பித்தான். ஒரு மாதமாக அவன் வாயில் இதே பாட்டுத்தான். போன மாதம் போலீஸ், வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த தவ்ஃபிகியா தெருவுக்குள் புகுந்து, அவன் கடையிலிருந்து நாற்பது நீல விளக்குகளை அள்ளிக்கொண்டு போனது. கடைக்கு ஒரு வாரம் சீல். இன்னொரு தடவை சிக்கினால் உரிமமே போய்விடும்.

வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு போதும். வண்டிக் கூரை மேல வைக்கிற மாதிரி, நீளமா. பளிச் பளிச்னு மின்னணும். தெரு பூரா கேட்டுட்டேன். எல்லாரும் உங்க கடையைத்தான் கை காட்டுறாங்க."

"காட்டுவானுங்க. என் கடையை மூடினா அவனுங்களுக்குக் கொண்டாட்டம்."

கல்லாவில் ரிஃபாத்தின் அக்கா நக்லா தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். கடையில் பாதி அவளுடையது. சந்தேகம் முழுக்க அவளுடையது.

"எதுக்குத் தம்பி நீலம்?"

"கல்யாணம்க்கா. ஊர்வலத்துல முன்னாடி போற வண்டி என்னோடது. ரெண்டு மணிக்குள்ள மாட்டியாகணும்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல்ல, ரெண்டு மணிக்கு! இந்தக் கெய்ரோவுல எவன் கல்யாணம் பண்றான்?"

"வியாழக்கிழமை ராத்திரின்னா மண்டப வாடகை கட்டுப்படியாகலைக்கா." சொல்லிவிட்டு அவன் அலமாரிப் பக்கம் திரும்பி, பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான்.

நக்லா தம்பியின் காதருகே குனிந்தாள். "ஷூவைப் பாரு. கண்ணாடி மாதிரி மின்னுது. கல்யாண வீட்டுல ஓடியாடுறவன் ஷூவா அது? போலீஸ்டா. பொறி வைக்க வந்திருக்கான்."

ரிஃபாத் ஒரு சோதனை வைத்துப் பார்த்தான். போலீஸ் அதிகாரியைக் கூப்பிடுவது போலக் குரலைப் பணிவாக்கி, திடீரென்று, "பாஷா!" என்றான்.

வந்தவன் சட்டென்று திரும்பினான்.

"பாத்தியா! திரும்பிட்டான்!" நக்லா தொலியைத் துப்பினாள்.

"அட, இந்த ஊர்ல பாஷான்னா திரும்பாதவன் யாருக்கா? கழுதை வண்டி ஓட்டுறவன்கூடத் திரும்புவான்." அவன் நெஞ்சில் கை வைத்தான். "நான் உங்களைப் பிடிக்க வரலை. எங்கம்மா மேல சத்தியம். ரெண்டு மணிக்குள்ள விளக்கு கிடைக்கலேன்னா நான் தொலைஞ்சேன்."

அப்போது அவன் கைபேசி அலறியது. எண்ணைப் பார்த்ததுமே அவன் குதிகால்கள் ஒட்டிக்கொண்டன.

"சொல்லுங்க... ஆமாங்க... ஏற்பாடெல்லாம் பிரமாதமா இருக்குங்க... ஒரு குறையும் இல்லீங்க... ரெண்டு மணிக்குத் தயாரா நிப்போம்ங்க."

பேசி முடித்ததும் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான்.

"யாரது?" என்றாள் நக்லா.

"மாமனாரு. வண்டியில விளக்கு இல்லேன்னா எல்லார் முன்னாடியும் என் தோலை உரிச்சிடுவாரு."

நக்லா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "போலீஸ்காரனைப் பாத்துத்தான் மாமனார் பயப்படுவான். இவன் மாமனாரைப் பாத்து நடுங்குறான். இவன் போலீஸ் இல்லடா. பாவம், குடுத்துத் தொலை."

ரிஃபாத் கதவைப் பாதி இறக்கினான். மாடிப்படிக்கு அடியில் கிடந்த மக்ரோனிப் பெட்டியிலிருந்து, அன்றைக்குப் போலீஸ் கண்ணில் படாமல் தப்பிய ஒரே விளக்கை எடுத்தான். கம்பியைப் பேட்டரியில் வைத்ததும் கடை முழுக்க நீலம் சுழன்றது. நக்லாவின் முகம் நீலம், சுவர் நீலம், கூரை நீலம்.

"இதேதான்! அச்சு அசல் இதேதான்!" வந்தவன் குதிக்காத குறை. பேரமே பேசாமல் பணத்தை வைத்தான். விளக்கைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

மணி ஒன்று நாற்பது. அப்போதுதான் ரிஃபாத் கவனித்தான். சுவிட்சுப் பெட்டி மேசை மேலேயே கிடந்தது. அது இல்லாமல் விளக்கு எரியாது.

"ஐயோ, மாமனார் உரிச்சிடுவாரே! ஓடுடா!" என்று நக்லா கத்தினாள்.

ரிஃபாத் ஓடினான். சாப்பாட்டுக் கடை முன் நின்ற வரிசையை இடித்துக்கொண்டு, டயர்க் குவியலைத் தாண்டி, விளக்கு வாங்கியவன் திரும்பிய சந்துக்குள் பாய்ந்தான். அப்படியே உறைந்து நின்றான்.

சந்தில் ஒரு போலீஸ் ரோந்து வண்டி. அதன் மொட்டைக் கூரையில் இரண்டு காவலர்கள் அவன் விற்ற விளக்கைத் திருகிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டுக்காரன், தோளில் நட்சத்திரம் வைத்த சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"சுவிட்சா? நீ நல்லா இருக்கணும்!" அவன் பாய்ந்து வந்து பெட்டியைப் பிடுங்கினான். "ரெண்டு மணிக்கு மேலதிகாரி வண்டிகளைப் பார்வையிட வர்றாரு. பழைய விளக்கு கருகிப்போச்சு. கிடங்குல கேட்டா அடுத்த வருஷம்ங்கிறான்."

ரிஃபாத் கூரை விளக்கையும் அவன் தோள் நட்சத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்கிட்ட அள்ளிட்டுப் போன நாற்பது விளக்கும் உங்க ஸ்டேஷன்லதானே பாஷா இருக்கு?"

"இருக்கு," என்றான் அதிகாரி. "எந்த வண்டியிலயும் மாட்டக் கூடாத சட்டவிரோத விளக்குன்னு எழுதி, என் கையாலதான் மூட்டைக்கு சீல் வெச்சேன்!"