பச்சை ஹெல்மெட்

விலாவில் அடுத்த இடி விழுந்ததும் இன்ஸ்பெக்டர் “அம்மா!” என்று அலறிவிட்டார். நல்லவேளை, எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் அல்ல, வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுக்கும் இன்ஸ்பெக்டர். இடித்ததும் ரவுடி யாருமில்லை, கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியின் ஸீட் விளிம்புதான். வளைவுக்கு வளைவு அது அவரை நன்றாக விசாரித்துவிட்டுத்தான் விட்டது.

ஞாயிறு தவறாமல் இந்தப் பந்தயத் தளத்துக்கு வந்துவிடுவார். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, ரெண்டே பெடல். தரையை உரசுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு பறக்க வேண்டியதுதான். இந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் மீதி ஆறு நாளும் அடுத்தவர் உருட்டுகிற வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டெஸ்டில் யார் முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கிளட்ச்சை மிதிக்கிற காலை மட்டும் பார்ப்பார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றதோ, சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொள்ளும்.

எட்டு மாதமாக இந்தத் தளத்தில் அவரை முந்த ஆளில்லை. இன்றைக்கு ஒரு பச்சை ஹெல்மெட், கடன்காரன் மாதிரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

“முந்துடா பார்ப்போம்!” என்று பல்லைக் கடித்தார்.

கடைசிச் சுற்று. முழங்கைக்குக் கீழே ரெண்டு கையும் விறகுக்கட்டை ஆகிவிட்டன. கழுத்து, ‘உன் தலையை நீயே வைத்துக்கொள்’ என்று கழன்றுகொள்ளப் பார்த்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கலாம் என்று ஒரு கையை எடுத்தால் நேரே டயர்ச் சுவர்தான்.

மூன்றாவது வளைவில் கை ஒரு நொடி தளர்ந்தது. அவ்வளவுதான். ஊசிக் காதில் நூல் நுழைகிற மாதிரி, மேலே படாமல் உள்பக்கமாக நுழைந்து போயே போய்விட்டது பச்சை ஹெல்மெட்.

கொடி விழுந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றினார். தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு கை வந்து பாட்டிலை வாங்கி, ஒரே திருகில் திறந்து நீட்டியது. நிமிர்ந்து பார்த்தார். பச்சை ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை.

“குடிங்க சார்.”

“நீங்களா ஓட்டினது? நான் எவனோ காலேஜ் பையன்னு நெனச்சேன்! கை வலிக்கலையா?”

“பேக்கரில தெனமும் நாப்பது கிலோ மாவு பிசையறேன் சார். இதெல்லாம் எனக்குப் பஞ்சு.”

பாதி பாட்டில் தண்ணீரோடு தோல்வியையும் விழுங்கினார் இன்ஸ்பெக்டர். மனசு எரியத்தான் செய்தது. ஆனாலும் நல்ல ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை அவர்.

“இருபது வருஷமா எத்தனையோ பேர் ஓட்டறதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்மா. இப்படி ஒரு கையை நான் பாத்ததே இல்ல.”

“நெசமாவா சார்?”

“பின்னே? நாளைக்கு எங்க ஆபீஸ் பக்கம் ஒரு நடை வாங்க. டெஸ்டுக்குன்னு வந்து என் உயிரை வாங்குதுங்களே, அதுங்களுக்கு வண்டின்னா எப்படி ஓட்டணும்னு ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க!”

அந்தப் பெண் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“அஞ்சு தடவை வந்து காட்டிட்டேன் சார். அஞ்சு தடவையும் நீங்கதான் ஃபெயில் போட்டீங்க!”