நடுவில் ஒட்டிய பக்கம்

டீ குடிக்கிற கூட்டம் இல்லை அது. சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

டீக்கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

கடைக்கு வந்தவன் டீயைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தெருவைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறவன் எதற்கோ அடி போடுகிறான் என்றுதான் அர்த்தம்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாகிவிட்டது. ராயபுரத்தில் அந்தத் தெருவில் மிச்சம் இருந்தது துறைமுகக் கூலிகளும், தபால்காரர் ஜெகநாதமும், இவருடைய டீக்கடையும்தான். விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. ஊரைவிட்டு ஓடின யாரோ ஒரு வக்கீல் வீட்டு வாசலில் தடிப் புத்தகம் ஒன்று கிடந்தது. எடுத்துவந்தார். தாள்தாளாகக் கிழித்தார். கஞ்சி தடவிச் சன்னல் முழுக்க ஒட்டினார்.

எழுத்து தெரியாத மனிதர். எந்தத் தாள் கைக்கு வந்ததோ அது.

கதைப் புத்தகம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஜெகநாதம்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு பக்கத்தை உள்ளே நின்று படித்தார். டம்ளரை வைத்துவிட்டு வெளியே ஓடினார். அதே தாளின் மறுபக்கத்தைத் தெருவில் நின்று கண்ணாடி வழியாகப் படித்தார். மறுபடி உள்ளே வந்தார். அடுத்த தாளைத் தேடினார்.

மறுநாள் கூலிகளும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

"இன்னாய்யா இது, கோயில் பிரதட்சணமா?"

சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஜெகநாதம் படித்தார். கடைக்காரர் நம்பவில்லை. தபால்காரரை வெளியே நிறுத்திவிட்டு, கூலிகளில் எழுத்துக்கூட்டத் தெரிந்த சூசையைக் கூப்பிட்டு அதே பக்கத்தைப் படிக்க வைத்தார்.

இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்தார்.

கோர்ட்டில் ஒருத்தி நிற்கிறாள். வீட்டில் நகை காணாமல் போயிருக்கிறது. பழி வேலைக்காரன் மேல் விழுந்திருக்கிறது. எடுத்தது யார் என்று நீ பார்த்தாயா என்று ஜட்ஜ் கேட்கிறார். வீட்டார் எல்லாரும் நிற்கிறார்கள். அவள் கையைத் தூக்கி நீட்டுகிறாள்.

தாள் முடிந்துவிட்டது.

"நாத்தனாதான்" என்றான் சூசை.

"மாமியாரு" என்றார் ஜெகநாதம்.

"புருசன்யா. எந்தப் புருசன் ஒழுங்கா இருந்தான்?" என்றார் கடைக்காரர்.

"உன் வூட்ல சொன்னாங்களா, பெரிசு?"

அடுத்த தாளும் கிடைத்தது. கிடைத்தும் பிரயோசனம் இல்லை. மூலைக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. விழாமல் இருக்க அங்கே மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தாள் ஒட்டியிருந்தார். தெருவில் நின்று பார்த்தால் அடித்தாளின் ஒரு பக்கம் தெரிந்தது. அதில் கோர்ட் கலைந்துவிட்டது. அவள் மழையில் தனியாக நடந்து போகிறாள்.

யாரைக் காட்டினாள் என்பது நடுவில் ஒட்டிக்கிடந்தது.

"பிரிச்சிப் பாத்துடலாம் பெரிசு" என்றான் சூசை.

"கண்ணாடி வுழுந்தா உங்கப்பனா வந்து வெப்பான்? சண்ட முடியறவரிக்கும் கண்ணாடி கெடைக்காது. போய் வேலயப் பாரு."

சொல்லிவிட்டார். அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வார்டன் வந்தார். துணிக்கடைக் கணக்குப்பிள்ளை. சண்டை வந்ததும் இரும்புத் தொப்பியும் ஊதலும் கொடுத்து, இருட்டைக் காவல் காக்கச் சொல்லியிருந்தார்கள்.

"தாள் வழியா வெளிச்சம் தெரியுது. இன்னிக்கி ராத்திரிக்குள்ள அத்தினிக்கும் கறுப்பு அடிக்கணும். அப்புறமும் வெளிச்சம் தெரிஞ்சா கடைக்கு சீலுதான். சொல்லிட்டேன்."

கடைக்காரருக்குப் படுக்கிற இடமும் அந்தக் கடைதான்.

கூலிகள் இருட்டுமுன் கிளம்பிவிட்டார்கள். விளக்குக் கரியைக் கஞ்சியில் குழைத்தார். விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பூசினார்.

கோர்ட் போனது. ஜட்ஜ் போனார். நகையும் போனது.

மூலைக் கண்ணாடிக்கு வந்தார். கை ஓடவில்லை.

வார்டன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்.

"அத ஏன் வுட்டே?"

"அதுக்குள்ள ஒரு பொம்பள கைய நீட்டிக்கினு நிக்கிறா."

வார்டன் கிட்டே வந்து மோந்து பார்த்தார். குடித்த வாடை இல்லை.

கடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். நகையை, வேலைக்காரனை, ஜட்ஜை. மழையில் தனியாகப் போனதையும்.

வார்டன் மூலைக் கண்ணாடிக்குக் கிட்டே போனார்.

"யாரப் பாத்து நீட்டறா?"

"தெரிஞ்சா பூசியிருக்க மாட்டேனா?"

வார்டன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

ஈரத்துணியால் ஒற்றினார்கள். வார்டன் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் நகத்தால் நெம்பினார். மேல்தாள் தனியாக வருவதாக இல்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன. கண்ணாடி கையை விட்டுப் போனது.

தெருவில் விழுந்து நொறுங்கியது.

அந்த ஓட்டை வழியாக விளக்கு வெளிச்சம் எதிர்ச்சுவர்வரைக்கும் பாய்ந்தது. பட்டணம் முழுக்க இருட்டு. எதிர்ச்சுவரில் மட்டும் மஞ்சளாக ஒரு சதுரம்.

கடை போயிற்று என்று நினைத்தார். ஊதி அணைக்க விளக்கின் மேல் குனிந்தார்.

வார்டன் ஈரத்தாள் இரண்டையும் நுனியில் பிடித்து மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அணைக்காதய்யா" என்றார். "கொஞ்சம் தூக்கிப் புடி."