பாதி முகத்தோடு ஒரு நேர்காணல்

"அசையாதீங்க மேடம்! பாதி முகம்தான் முடிஞ்சிருக்கு."

அழகுசாதனக் கடைப் பெண் பிரஷ்ஷை ஓங்கியபடி சொன்னாள். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புகார் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பலமாக மூச்சு விட்டால் டப்பாவிலிருக்கும் பவுடர் பறந்துவிடும். ஏற்கெனவே அவள் போட்ட ஒரு தும்மலில் கால் டப்பா காலி.

புகார் அக்கா என்பது ஆபீஸ் வைத்த பெயர். இந்தக் கடைக்கு மேலே ஆறாவது மாடியில் இருக்கும் பார்சல் கம்பெனியில், எட்டு வருஷமாகப் புகார் பிரிவில் வேலை. "என் பார்சல் எங்கே?" என்று போனில் கத்துகிறவர்களிடம் எல்லாம் "மன்னிக்கணும் சார்" சொல்லிச் சொல்லியே கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. இன்றைக்கு மூன்று மணிக்கு அந்தப் பிரிவின் தலைவி பதவிக்கு நேர்காணல். கிடைத்தால் போன் தொல்லை விட்டது. கிடைக்காவிட்டால் இன்னும் எட்டு வருஷம் மன்னிக்கணும் சார்தான். முகமாவது கொஞ்சம் தெளிவாக இருக்கட்டுமே என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இறங்கி வந்திருந்தாள்.

"இது மினரல் பவுடர் மேடம். மூடியில கொஞ்சமா தட்டிக்கணும், பிரஷ்ஷை அதுல சுத்தணும், உதறணும், முகத்துல வட்டமா தேய்க்கணும். அவ்வளவுதான். தினமும் போட்டுக்கலாம், போட்டதே தெரியாது. வேர்த்தாலும் போகாது, துடைச்சாலும் போகாது. நான் எப்பவும் முதல்ல இடது பக்கம் மட்டும் போட்டுக் காட்டுவேன். அப்பதான் வித்தியாசம் புரியும். பாருங்க!"

கண்ணாடியைப் பார்த்த அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடது கன்னம் ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்தாற்போல் இருந்தது. வலது கன்னத்தில் எட்டு வருஷ சர்வீஸ் அப்படியே இருந்தது.

"ஐயோ, இந்தப் பக்கம் யாரும்மா? என் தங்கச்சி மாதிரில்ல இருக்கா!"

அதற்குள் போன் அடித்தது. பக்கத்து சீட்டுத் தோழி.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? தலைமை ஆபீஸ் அதிகாரி மூணு மணிக்கே வர்றாராம். அதுக்குள்ள ஆளைத் தேர்ந்தெடுத்து வைக்கணும்னு உத்தரவு. புது மேனேஜர் அம்மா அரக்கப்பரக்க வந்து நேர்காணலை ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் முடிஞ்சாச்சு. நீ இப்பவே வரலைன்னா உன் பேரை அடிச்சுடுவாங்க!"

அக்கா ஸ்டூலிலிருந்து குதித்தாள்.

"மேடம், மீதிப் பாதி?"

"வந்து போட்டுக்கறேன்!"

லிஃப்டில் கைக்குட்டையால் இடது கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். ம்ஹூம். அந்தப் பாழாய்ப்போன பவுடர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே தீருவேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. சரி, அழகான பக்கத்தை மட்டும் காட்டிச் சமாளிப்போம் என்று முடிவு செய்துகொண்டு கதவைத் தட்டினாள்.

"வாங்க, உட்காருங்க," என்றார் மேனேஜர்.

அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது கன்னத்தை மேனேஜர் பக்கம் வைத்து, எதிரே இருந்த ஃபைல் அலமாரியைப் பார்த்து உட்கார்ந்தாள். கடைக்கண்ணால் பார்த்தால், மேனேஜர் அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்த ஒரு கன்னம் மாசுமறு இல்லாமல் இருந்தது. இவங்களுக்கு என்ன, போன் எடுக்கிற வேலையா என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது.

"கஸ்டமர் கோபமா கத்தினா என்ன பண்ணுவீங்க?" மேனேஜர் ஜன்னலிடம் கேட்டார்.

"தப்பிச்சுக்கப் பார்க்க மாட்டேன் மேடம். முகத்துக்கு நேரா பார்த்துப் பதில் சொல்லுவேன்," என்று அக்கா அலமாரியிடம் சொன்னாள்.

"நல்லது. உங்களுக்குக் கீழ பன்னிரண்டு பேர் இருப்பாங்க. எல்லாரையும் எப்படிப் பார்ப்பீங்க?"

"ஒரே கண்ணால மேடம். ஒரு பக்கமா சாய மாட்டேன்."

சொல்லும்போதே கழுத்து வலித்தது. இந்தம்மா முகம் கொடுத்துக்கூடப் பேச மாட்டேங்கிறாங்களே, வேற யாருக்கோ கொடுக்க முடிவு பண்ணிட்டாங்க போல என்று மனசு அடித்துக்கொண்டது.

"கடைசியா ஒண்ணு," என்றார் மேனேஜர். "என்கிட்ட வேலை பார்க்கிறவங்களுக்கு ஒளிவுமறைவே கூடாது. இப்ப ஏதாவது சொல்லணுமா?"

அக்காவின் எட்டு வருஷம் கண்முன் வந்து நின்றது. சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் எந்த முகத்தோடு வந்து நிற்பது? வருவது வரட்டும் என்று முழுசாகத் திரும்பினாள்.

"மேடம், என்னை மன்னிக்கணும். கொஞ்சம் லட்சணமா வரலாம்னு கீழ்க் கடையில பவுடர் போட உட்கார்ந்தேன். பாதியிலேயே கூப்பிட்டுட்டாங்க. மறுபக்கம் இதுதான். நல்லா பார்த்துக்கோங்க. வேலை கொடுத்தாலும் சரி, கொடுக்காட்டாலும் சரி."

மேனேஜரின் தோள் குலுங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று அக்கா பையைக் கையில் எடுத்தாள்.

சுழல் நாற்காலி மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. மேனேஜரின் வலது கண்ணுக்குக் கீழே கருவளையம். வலது கன்னம் முழுக்கப் பரு வடு.

"வேலை உங்களுக்குத்தான், எழுந்திருங்க," என்றார் மேனேஜர். "அதிகாரி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஓடிப்போய் மீதிப் பாதியைப் போட்டுக்கிட்டு வந்துடலாம்!"