இரண்டாம் பாதி

இந்தக் காலத்து ஜனங்கள் ஓசி என்றால் மூளையைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிழவர் மருமகனோடு தியேட்டரில் உட்கார்ந்தார்.

“தண்ணி குடிக்கவே அனுமதிச் சீட்டு கேக்கிற அரசாங்கம், சும்மா படம் காட்டுதாம்!”

“எல்லாத்துக்கும் சந்தேகமா மாமா? பேசாம பாருங்க.”

திரையில், ஊரையே பூட்டி வைத்திருந்த இரும்புக் காவலர்களை நாயகன் ஒற்றை ஆளாகப் பந்தாடினான். மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் ஏறி விசிலடித்தான். கிழவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

இடைவேளையில் ஒலிபெருக்கி பேசியது. “விசிலடித்த ரசிகர்களுக்குப் பரிசு உண்டு. இடப்பக்க வாசலுக்கு வரவும்.”

“வேணாம் மாப்ளே, போகாதீங்க.”

“வாங்கிட்டு ஓடி வந்துடறேன் மாமா. ரெண்டாம் பாதியிலதான் கோட்டையையே தகர்ப்பான்!” வெறுங்காலோடு ஓடினான்.

இடப்பக்க வாசல் சாத்தப்பட்டது. வெளியே வேன்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. நெடுநேரமாகியும் திரையில் வெளிச்சம் வரவில்லை.

“மீதிப் படத்தை எப்பப்பா போடுவீங்க? பரிசு வாங்கப் போன என் மாப்பிள்ளையையும் காணோம்” என்றார் கிழவர்.

டிக்கெட் கிழிப்பவர் குரலைத் தாழ்த்தினார். “இந்தப் படத்துக்கு ரெண்டாம் பாதியே எடுக்கலை பெரியவரே. வீட்டுக்குப் போங்க. மாப்பிள்ளை சாயந்திரம் வந்துடுவாரு.”

“உன் பேச்சையும் நம்பணுமாக்கும்!”

கிழவர் சீட்டுக்கடியில் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு மகள் வீட்டைப் பார்த்து நடந்தார்.